பார்த்த பறவையைப் பதிந்து வைப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பறவை பார்க்கும் எல்லாரும் குறிப்பு எழுதுவதில்லை. பலர் பார்ப்பார்கள், ரசிப்பார்கள், வீட்டுக்குப் போய்விடுவார்கள். சிலர் முதன்முறையாகப் பார்க்கும் இனத்தை மட்டும் குறித்து வைப்பார்கள். இன்னும் சிலர் காக்கை, மைனாவைக்கூட விடாமல் எண்ணி எழுதுவார்கள். மூன்றுமே சரிதான். எழுதாதவர்களை மட்டமாகப் பேசும் ஆட்களும் உண்டு. அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆனால் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டால், பிற்பாடு பயன்படும் மாதிரி எழுதுங்கள். பழைய நோட்டுகளை இணையத்தில் ஏற்ற உட்கார்ந்தபோதுதான் எந்தக் குறிப்பு உருப்படும், எது உருப்படாது என்று எனக்குத் தெளிவானது. ஒரு பக்கத்தில் தேதி இருக்கும், இடம் இருக்காது. இன்னொன்றில் "பருந்து, நிறைய" என்று இருக்கும். எந்தப் பருந்து, நிறைய என்றால் எத்தனை என்று யாரைப் போய்க் கேட்பது? பார்க்கும் இடத்திலேயே இரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவழித்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. அந்த இரண்டு நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கீழே இருப்பது.

1. எந்த அளவுக்கு எழுதப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

மிகக் குறைந்த அளவு, வாழ்நாள் பட்டியல். புதிய இனம் ஒன்றைப் பார்த்தால் பெயர், தேதி, இடம் மூன்றையும் எழுதுவது. மிக அதிகம், போகும் இடமெல்லாம் முழுப் பட்டியல் போடுவது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வழி: எளிதில் போகக்கூடிய ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே போகும்போதெல்லாம் ஒரு பட்டியல். குளமோ பூங்காவோ மொட்டைமாடியோ, எதுவானாலும் சரி. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் போதும்.

இப்படி ஓர் ஆண்டு ஓட்டினால் தகைவிலான் எந்த வாரம் வந்தது, எந்த வாரம் கிளம்பியது என்பதைத் தேதியோடு சொல்ல முடியும். அதைவிட முக்கியம், வராத வாரங்களும் பதிவில் இருக்கும். எப்போதாவது நீண்ட பயணம் போய் நூறு இனம் எழுதிக்கொண்டு வருபவரிடம் இந்தத் தகவல் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. இருபது கட்டங்கள் போட்ட கணக்கு அட்டவணையைத் தயாரித்துக்கொண்டு தொடங்காதீர்கள். மேகம் எத்தனை சதவீதம், காற்று எந்தத் திசை என்றெல்லாம் தலைப்பு வைத்தவர்கள் சீக்கிரமே மொத்தத்தையும் கைவிட்டதைத்தான் பார்த்திருக்கிறேன்.

2. என்னென்ன வேண்டும், எதற்குக் காசு ஆகும்

பெரும்பாலானவை இலவசம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இ-பேர்ட், பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையதளமும் செயலியும்; 2002-ல் தொடங்கியது. பறவைப் பட்டியல் போட இன்று உலகம் முழுக்க அதிகம் பேர் பயன்படுத்துவது அதைத்தான். கணக்குத் தொடங்க மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும். அதே ஆய்வகத்தின் மெர்லின் செயலி படத்தையும் குரலையும் வைத்துப் பறவையை அடையாளம் காண உதவும். ஐநேச்சுரலிஸ்ட் வேறு மாதிரி: ஒரு படம் அல்லது ஒலிப்பதிவு, ஓர் உயிர், ஒரு பதிவு. பறவையோடு பூச்சி, செடி எல்லாவற்றையும் பதிய விரும்புகிறவர்களுக்கு அது சரியாக இருக்கும். "இன்று இங்கே இருந்த எல்லாப் பறவைகளும்" என்று பட்டியல் போட நினைப்பவர்களுக்கு இ-பேர்ட்தான் வசதி. மூன்றுக்கும் கட்டணம் கிடையாது.

காசு கொடுத்து வாங்கும் பதிவு மென்பொருள்களும் இருக்கின்றன. முதல் ஆண்டில் எதையும் வாங்க வேண்டாம். பிறகு வாங்குவதானாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: என் பதிவுகள் அனைத்தையும் சிஎஸ்வி கோப்பாக (எந்த அட்டவணை மென்பொருளிலும் திறக்கும் எளிய கோப்பு) வெளியே எடுக்க முடியுமா? முடியாது என்றால் விட்டுவிடுங்கள். நிறுவனம் கடையைச் சாத்தினால் உங்கள் பத்தாண்டுப் பதிவும் அதோடு போய்விடும்.

அப்புறம் ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். செயலி இருக்கும்போது நோட்டு எதற்கு என்று கேட்பீர்கள். பேட்டரி தீரும், வெயிலில் திரை தெரியாது, மழையில் தொடுதிரை விரல் சொன்னதைக் கேட்காது. பென்சில் எழுத்து ஈரத்தில் கலையாது. சட்டைப் பையில் நுழையும் அளவுக்கு நோட்டு இருக்கட்டும்; முதுகுப் பைக்குள் போன நோட்டு வெளியே வருவதில்லை.

3. கிளம்புவதற்கு முந்தின இரவு

அந்தப் பகுதிக்கான பறவைத் தொகுப்பை, அதாவது அங்கே காணக்கூடிய பறவைகளின் விவரக் கோப்பை, வைஃபை இருக்கும்போதே செயலியில் இறக்கி வையுங்கள். இ-பேர்ட், மெர்லின் இரண்டும் சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்யும், ஆனால் தொகுப்பு முன்கூட்டியே கைப்பேசியில் இருக்க வேண்டும். தொகுப்புகள் இடம் பிடிக்கும். தேவையில்லாத வீடியோக்களை அழித்துவிடுங்கள்.

கேமரா வைத்திருந்தால் அதன் கடிகாரத்தைப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றி நெடுநாள் வைத்திருந்தால் தேதி பழைய நிலைக்குப் போயிருக்கும். எந்தப் பட்டியலில் உள்ள பறவை இது என்று பிறகு படத்தைப் பொருத்திப் பார்க்க நேரம் ஒன்றுதான் வழி.

4. பட்டியலின் தலைப்பில் இருக்க வேண்டியவை

பறவையைத் தேடும் முன் தலைப்பை எழுதிவிடுங்கள். தேதி, தொடங்கிய நேரம், சரியான இடம், நின்றபடியா நடந்தபடியா, எத்தனை பேர். முடிக்கும்போது இரண்டைச் சேர்க்க வேண்டும்: முடித்த நேரம், நடந்த தூரம். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படித்தான் இருக்கும்:

(தேதி), ஞாயிறு, காலை 6.40 – 7.25. குளம், வடகரை, மதகு அருகில். நின்றபடி. 2 பேர். முழுப் பட்டியல்.
முக்குளிப்பான் 3, 2, 1
நாமக்கோழி சுமார் 60
உண்ணிக்கொக்கு 11
வெண்மார்பு மீன்கொத்தி 1 + 1 கே
கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை, 1 (நாணலுக்குள், வால் தூக்கி)

"கே" என்றால் கேட்டது, பார்க்கவில்லை. இப்படிச் சுருக்கெழுத்து வைத்துக்கொண்டால் நோட்டின் முதல் பக்கத்தில் அதன் விளக்கத்தை எழுதி வையுங்கள். இப்போது மறக்காது என்று தோன்றும். சில வருஷம் கழித்து "கூ.வெ." என்றால் என்ன என்று நீங்களே உட்கார்ந்து யோசிப்பீர்கள்.

செயலியில் போடுவதானால் இந்தத் தலைப்பில் பாதியை அதுவே நிரப்பிவிடும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வகைகளை மட்டும். 30 மீட்டர் வட்டத்துக்குள்ளேயே இருந்தால் "நின்றபடி". அதைத் தாண்டினால் "நடந்தபடி". பறவை பார்ப்பது நோக்கமாக இல்லாமல் வேறு வேலையாகப் போகும்போது கண்ணில் பட்டது "தற்செயல்". நடந்தபடி போடும் பட்டியல் 8 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது இ-பேர்டின் பரிந்துரை. என்னைக் கேட்டால் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு பட்டியல் போதும். குளக்கரையை முடித்துவிட்டு மரத்தோப்புக்குள் நுழைகிறீர்களா, பழையதை மூடிப் புதியதைத் தொடங்குங்கள். எந்தப் பறவை எந்தச் சூழலில் இருந்தது என்பது அப்போதுதான் தெளிவாக இருக்கும்.

போன வழியிலேயே திரும்பி வந்தால் தூரத்தை ஒருமுறை மட்டும் கணக்கில் எடுங்கள். ஜிபிஎஸ் இரண்டு வழியையும் கூட்டிக் காட்டும், கையால் திருத்திவிடலாம்.

5. முழுப் பட்டியல் என்றால் என்ன

இ-பேர்ட் கடைசியில் ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா? புதியவர்கள் தடுமாறும் இடம் இது. அங்கே இருந்த எல்லாப் பறவைகளையும் கண்டுபிடித்தீர்களா என்று அது கேட்கவில்லை. உங்கள் கண்ணுக்கும் காதுக்கும் சிக்கியதில், உங்களுக்குப் பெயர் தெரிந்ததில், வேண்டுமென்றே எதையும் விடவில்லையே என்றுதான் கேட்கிறது. பத்துப் பறவைதான் தெரியும், பத்தையும் எழுதிவிட்டேன் என்றால் பதில் "ஆம்". அபூர்வமான ஒன்றை மட்டும் எழுதிவிட்டுக் காக்கையை விட்டுவிட்டால் "இல்லை".

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முழுப் பட்டியலில் ஒரு பறவை இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல். பல்லாயிரம் முழுப் பட்டியல்களைச் சேர்த்து, இந்தப் பறவை முன்பு பத்துக்கு ஆறு பட்டியலில் வந்தது, இப்போது மூன்றில்தான் வருகிறது என்று கணக்குப் போடுகிறார்கள். 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, சுமார் 30,000 பேர் பதிந்த 3 கோடிப் பதிவுகளிலிருந்துதான் எந்த இனம் குறைகிறது, எது கூடுகிறது என்று சொன்னது. அபூர்வங்களை மட்டும் எழுதும் ஆயிரம் பேரை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது. சிட்டுக்குருவியையும் புறாவையும் சலிக்காமல் எழுதுகிறவர்களால்தான் அது நடக்கிறது.

6. எண்ணுவது

எண்ணிக்கைக்குப் பதிலாக "எக்ஸ்" போடலாம். இருந்தது, எத்தனை என்று தெரியாது என்று பொருள். தோராயமான எண் இதைவிட நூறு மடங்கு மேல். நாமக்கோழிக் கூட்டம் 60 இருக்கலாம், 75-ம் இருக்கலாம். ஆனால் 6 இல்லை, 600-ம் இல்லை. "எக்ஸ்" போட்டால் அந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் போகும்.

பெரிய கூட்டத்துக்கு வழி இதுதான். முதலில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள். அதே அளவு துண்டு கூட்டத்தில் எத்தனை என்று பாருங்கள். ஓரத்தில் பறவைகள் கலைந்தும் நடுவில் நெருக்கமாகவும் இருக்கும். ஆகையால் முதல் பத்தை நடுவிலிருந்து எடுத்தால் கணக்கு கூடிவிடும், ஓரத்திலிருந்து எடுத்தால் குறைந்துவிடும். இரண்டு இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள். பறந்து போகும் கூட்டம் என்றால் முதலில் படம் எடுத்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து எண்ணலாம்.

சின்ன எண்ணிக்கையை அவ்வப்போது எழுதிச் சேர்த்துக்கொண்டே போங்கள். மேலே முக்குளிப்பானுக்கு "3, 2, 1" என்று இருப்பது அப்படித்தான்: மூன்று இடத்தில், மூன்று தடவை, வேறு வேறு பறவைகள். ஒரே மீன்கொத்தி இக்கரைக்கும் அக்கரைக்கும் போய் வந்துகொண்டிருந்தால் அது ஒன்றுதான். சந்தேகம் வந்தால் ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணை எழுதுங்கள்.

நண்பர்களோடு போனால் ஒருவர் மட்டும் பட்டியல் போட்டு மற்றவர்களுக்குப் பகிர வேண்டும். ஆளாளுக்கு ஒன்று அனுப்பினால் அதே பறவைகள் தனித்தனிப் பதிவாகப் போய் நிற்கும். பகிர்ந்த பிறகு நீங்கள் பார்க்காத பறவையை உங்கள் பிரதியிலிருந்து நீக்கிக்கொள்ளலாம்.

7. அடையாளம் தெரியாவிட்டால்

தெரியவில்லை என்று எழுதுங்கள். இ-பேர்டில் "கதிர்க்குருவி வகை", "உள்ளான் வகை" என்று பொதுவாகப் பதியும் வசதி இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; கரையோரப் பறவைகளில் பழுத்த அனுபவசாலிகளும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

மெர்லின் குரலைக் கேட்டு ஒரு பெயரைக் காட்டினால் அதை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள். கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அச்சு அசலாகப் பாடிக் காட்டும், செயலி ஏமாறும். அது சொல்வதைத் தகவல் தருபவர் சொல்வதாக எடுத்துக்கொண்டு, அந்தத் திசையில் தொலைநோக்கியைத் திருப்புங்கள். நீங்களே பார்த்தோ, கேட்டு உறுதி செய்தோ எழுதுங்கள்.

8. முடிப்பதும் அனுப்புவதும்

வண்டியில் ஏறும் முன் பட்டியலை நிறுத்துங்கள். சாதாரணமாகத் தெரியும் இந்த ஒரு வரியை மறந்ததால் கெட்டுப்போன பட்டியல்கள் கணக்கில்லை. செயலி பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். வீடு போய்ச் சேர்ந்து பார்த்தால் நாற்பது கிலோமீட்டர் நடந்ததாகக் காட்டும்.

அனுப்புவதை அன்றே செய்துவிடுங்கள். நோட்டில் எழுதியிருந்தால் ஏற்றக் கால் மணி நேரம் ஆகும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அதே வேலை இரண்டு மடங்கு ஆகும், பாதி விவரம் நினைவில் இருக்காது.

இடத்தைக் குறிக்கும்போது ஊரின் நடுவில் புள்ளியைப் போட்டுவிட்டு நகராதீர்கள். பலரும் போகும் இடம் என்றால் வரைபடத்தில் பொது இடமாக ஏற்கெனவே இருக்கும், அதையே தேர்ந்தெடுங்கள். வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் இடத்தின் பெயரில் கதவு எண், தெருப் பெயர் போட வேண்டாம். பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் அதை மறைக்கவும் அமைப்புகளில் வழி உண்டு.

9. "இது உண்மையா?" என்று மின்னஞ்சல் வந்தால்

அந்த இடத்துக்கோ பருவத்துக்கோ பழக்கமில்லாத பறவையை, அல்லது வழக்கத்துக்கு மீறிய எண்ணிக்கையைப் பதிந்தால், செயலி உடனே விளக்கம் கேட்கும். பிறகு அந்தப் பகுதியின் மதிப்பாய்வாளர் மின்னஞ்சல் அனுப்பலாம். அவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர். உங்களைச் சந்தேகிப்பது அவர் வேலை, அதில் பகை ஒன்றும் இல்லை. பதில் வர வாரக்கணக்கில் ஆனாலும் கவலைப்பட வேண்டாம். உறுதியாகாத பதிவு உங்கள் சொந்தப் பட்டியலிலிருந்து போய்விடாது. பொதுத் தரவில்தான் காட்டப்படாது.

விளக்கம் எழுதும்போது "எனக்கு நன்றாகத் தெரிந்த பறவை", "தெளிவாகப் பார்த்தேன்" என்பவை எடுபடாது. அளவு, அலகு, கால் நிறம், பறக்கும்போது இறக்கையில் தெரிந்த பட்டை, என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்த்ததை மட்டும் எழுதுங்கள். அதோடு அதைப் போலவே இருக்கும் இன்னொரு பறவை ஏன் இல்லை என்று ஒரு வரி. கையேட்டிலிருந்து எடுத்து எழுதினால் உடனே தெரிந்துவிடும். மங்கலான படமும் உதவும். கேமராத் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து ஏற்றினால்கூடப் போதும்.

10. எதைச் சொல்லக் கூடாது

வேட்டைக்கும் கடத்தலுக்கும் இலக்காகும் இனங்களின் சரியான இடத்தை இ-பேர்ட் தானாகவே மறைத்துவிடும். ஐநேச்சுரலிஸ்டும் ஆபத்தில் உள்ள உயிர்களுக்கு அப்படித்தான் செய்கிறது. ஆனால் அதே ஆந்தையின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் இடம் சொல்லிப் போட்டால் யாராலும் மறைக்க முடியாது. கைப்பேசிப் படத்துக்குள்ளேயே ஜிபிஎஸ் விவரம் இருக்கும். மூலக்கோப்பை அனுப்பினால் அதுவும் சேர்ந்து போகும். கூடு என்றால் குஞ்சுகள் பறந்து போகும்வரை இடத்தை வெளியே சொல்லவே வேண்டாம்.

11. பழைய நோட்டுகள் இருந்தால்

இதில்தான் நான் அதிகம் மல்லுக்கட்டினேன். முதலில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கங்களை மூன்றாகப் பிரியுங்கள்.

தேதி, இடம், நேரம், எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பது உள்ளவை வழக்கமான பட்டியலாகவே போகும். தேதியும் இடமும் மட்டும் இருந்தால் "பழைய பதிவு" என்ற வகையில் போட வேண்டும். அப்போது ஒரு மணி நேரம் இருந்திருப்போம் என்று ஊகித்து நேரத்தை நிரப்பாதீர்கள். ஆய்வில் பயன்படுத்துபவர்கள் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்வார்கள். தேதியே தெரியாமல் "எப்போதோ பார்த்தது" என்று மட்டும் நினைவிருந்தால், 1900 ஜனவரி 1 என்று போடுவது இ-பேர்டில் உள்ள வழக்கம். வாழ்நாள் பட்டியலில் அந்த இனம் சேர்ந்துவிடும், ஆய்வுக்கும் இடைஞ்சல் இருக்காது.

நிறையப் பட்டியல்கள் இருந்தால் சிஎஸ்வி கோப்பாக மொத்தமாக ஏற்றலாம். அந்தக் கோப்பில் மாதம் முதலில், நாள் அடுத்து, ஆண்டு கடைசியில் வர வேண்டும். நாம் நாளை முதலில் எழுதிப் பழகியவர்கள். மார்ச் 5, மே 3 ஆகிவிடும். 12-க்கு மேற்பட்ட தேதிகளில் மட்டும்தான் பிழை காட்டும், மற்றவை சத்தமில்லாமல் தவறான மாதத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வலசைப் பறவைகள் கோடையில் வந்ததாகப் பதிவு காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான். பத்து வரிகளை மட்டும் ஏற்றிச் சரிபார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள்.

12. ஆண்டுக்கு ஒருமுறை

இ-பேர்ட் ஆண்டுதோறும், பெரும்பாலும் அக்டோபர் வாக்கில், இனப் பட்டியலைப் புதுப்பிக்கும். ஒரே இனமாக இருந்ததைப் பிரிப்பார்கள், இரண்டாக இருந்ததைச் சேர்ப்பார்கள். 2023-ல் உண்ணிக்கொக்கை மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரித்தார்கள். உங்கள் எண்ணிக்கை திடீரென்று ஒன்று கூடினாலோ குறைந்தாலோ பதறாதீர்கள். நீங்கள் குறித்த இடத்தை வைத்து எந்த இனம் என்று மென்பொருளே பெரும்பாலும் மாற்றிவிடும். உலகில் முதலில் 8,000-க்கும் மேற்பட்ட இனங்களைப் பார்த்தவர் என்று அறியப்பட்ட ஃபீபி ஸ்னெட்சிங்கர், துணை இனம் வரைக்கும் குறித்து வைத்திருந்தவர். இனங்கள் பிரிக்கப்பட்டபோதெல்லாம் அந்தக் குறிப்புகள் அவருக்குக் கைகொடுத்தன. நீங்கள் துணை இனம் வரை போகாவிட்டாலும், இடத்தைச் சரியாகக் குறித்தாலே பாதி வேலை முடிந்தது.

புதுப்பித்தல் முடிந்ததும் "என் தரவைப் பதிவிறக்கு" என்பதைக் கேளுங்கள். மொத்தப் பதிவையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் இணைப்பு மின்னஞ்சலில் வரும். கணினியில் ஒன்று, வேறு எங்காவது ஒன்று என்று இரண்டு பிரதி வையுங்கள்.

இன்னும் தொடங்கத் தயக்கமாக இருந்தால், பிப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுக்க நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு வரை காத்திருக்கலாம். ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்துப் பட்டியல் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு வாரம் முன்பே கணக்கைத் தொடங்கி, மாடியிலோ வாசலிலோ நின்று ஒன்றிரண்டு பட்டியல் போட்டுப் பழகிவிடுங்கள். கணக்கெடுப்பு நாளில் செயலியோடு சண்டை போடத் தேவையிருக்காது.